இலை இல்லாதவர்கள்

ஐதராபாத்
9.6.2025

தம்பி பகலவனுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கோகிலவாணிக்குப் போன் போட்டால், "அவுரு வெள்ளிமலையில இருக்காரு அண்ணி, அங்க டவர் கெடைக்காது" என்கிறாள். டவர் யாருக்குமே கிடைக்கவில்லையா, அக்காவுக்கு மட்டும் கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் வந்தது. பாவம், அவளை ஏன் இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நீ ஜீப்பை நிறுத்தும் தனசேகரன் டீக்கடை முகவரிக்கு இதை அனுப்புகிறேன். கடிதத்தை உன்னால் பிளாக் செய்ய முடியாது.

உன் பெண் எழிலுக்கு ஆவணியில் கல்யாணமாமே! மாப்பிள்ளை ராஜாம்பாள் மகன் தமிழழகனாமே. பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், நர்சிங் சேர வேண்டும் என்று பத்தாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ அவள் சான்றிதழ்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாய். சட்டப்படி பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொன்னாயாம். சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை.

இதற்கெல்லாம் காரணம் நான் போனில் சொன்ன ஒரு வார்த்தை என்பதும் கோகிலவாணி சொல்லித்தான் தெரிந்தது. பொங்கலுக்கு வந்தபோது எங்கள் ஆராய்ச்சிக்காக ஊரில் பலரிடம் ரத்தம் எடுத்தேன், உன்னிடமும் எடுத்தேன். முடிவை யாருக்கும் இப்படிப் போனில் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் சொல்லித் தொலைத்தேன். "நூறு பேரை நிக்க வெச்சா நீ தொண்ணூறாவது ஆளுடா" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அப்புறம் கோகிலவாணியிடம், "நூத்துக்குத் தொண்ணூறு நான் போயிடுவேன்னு அக்காவே சொல்லிட்டா" என்றிருக்கிறாய்.

இல்லையடா. மாரடைப்புக்கான நாட்டம் குறைவாக உள்ளவரை முதலிலும் அதிகமாக உள்ளவரைக் கடைசியிலும் நிற்க வைத்தால், அந்த வரிசையில் உனக்குத் தொண்ணூறாவது இடம். அவ்வளவுதான். தொண்ணூறாவது இடத்தில் நிற்கும் எத்தனையோ பேர் பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எங்கே நிற்கிறாய் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். என்றைக்குச் சாவாய் என்று சொல்லாது.

சாவியை எழிலிடம் கொடு.

இசைவாணி


வெள்ளிமலை
17.6.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை தனசேகரன் பிரிக்காமல் கொடுத்தான். அந்த நல்ல மனசுக்காக அவனுக்கே அவன் கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ சொல்லும் வரிசை எனக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்த வரிசை ஒன்று இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நம் வீட்டில் எத்தனை இலை போடுகிறோம் என்று படிப்பு ஏற ஏற மறந்துவிட்டாயா? காலம் முடியாமல் போனவர்களுக்குத் தனி இலை, வேட்டி, துண்டு. தாத்தாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அம்மா பேத்தியை வளர்த்துவிட்டுப் போனதால் அவளுக்குத் தனி இலை இல்லை. இருக்கும் மூன்றும் நாற்பத்தைந்தைத் தொடாத ஆண்களின் இலை. எனக்கு நாற்பத்தொன்று நடக்கிறது. உன் மெஷின் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும், நான் நாலாவது ஆள். மெஷின் ஆமாம் போட்டது. அவ்வளவுதான்.

அப்பா சாயும்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். மரவள்ளி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினார், "இன்னாமோ மாதிரி இருக்குதுடா" என்றார், லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தபோது குடிக்க ஆள் இல்லை. மறு மாதமே நான் அதே லாரியில் கிளீனராக ஏறினேன். நீ படித்தாய். அதற்காக இப்போது கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அப்பன் இல்லாத வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த அளவு உனக்குத் தெரியாது. எழிலுக்கு அது வரக் கூடாது. நான் இருக்கும்போதே அவள் ஒரு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். படிப்பு நாலு வருஷம். நாலு வருஷத்துக்கு நான் எங்கே போவேன்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோகிலவாணியிடம் சொல்லிவிடாதே. கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது ஸ்டியரிங் வரைக்கும் தெரிகிறது. சந்தை நாளில் பின்னால் பொம்பளைகள், கோழி, சாமை மூட்டை என்று நிறைந்திருக்கும். நான் அங்கே சாய்ந்தால் அத்தனை பேரும் பள்ளத்தில். போன வாரம் அந்த நினைப்பு வந்து வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டேன். "இன்னாபா ஆச்சி?" என்றார்கள். இஞ்சின் சூடு என்றேன்.

தூக்கம் போச்சு. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பகலவன்


ஐதராபாத்
23.6.2025

பகலவா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்கு நீ கொண்டுபோன தண்ணீரைப் பற்றி இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் சொன்னதே இல்லை. திட்டு, நன்றாகத் திட்டு, உனக்கு அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்வதையும் கேள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஜீப் நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஐடிலிங் திருகு ஒன்று இருக்கிறதல்லவா? ஒரே கம்பெனி, ஒரே இஞ்சின். ஒரு வண்டியில் மெக்கானிக் அதைக் கால் சுற்றுக் கூட்டி வைத்திருப்பான், இன்னொன்றில் குறைத்து வைத்திருப்பான். இஞ்சினில் கோளாறு ஒன்றும் கிடையாது. ஆனால் ஓட்டம் மாறும், டீசல் குடிப்பது மாறும். நம் உடம்பில் ஜீன் என்பது இஞ்சின் மாதிரி. ரத்தத்தில் ஓடும் கொழுப்பைக் கொக்கி போட்டுப் பிடித்து உள்ளே இழுக்கும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அந்தக் கொக்கியைச் செய்யும் ஜீன் உனக்கு உடைந்து போகவில்லை. முழுசாகத்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில், அதற்கு வெளியே, ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்த ஜீன் கொஞ்சம் சோம்பலாக வேலை செய்கிறது, கொக்கிகள் கம்மியாக உண்டாகின்றன, கொழுப்பு ரத்தத்திலேயே தங்குகிறது.

இந்த மாதிரி ஒரு திருகு அல்ல, நூற்றுக்கணக்கில். ஒன்று கூடுதல், ஒன்று குறைவு. தனியாக எடுத்தால் எதுவுமே ஆளைக் கொல்லாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வருவதுதான் நான் சொன்ன எண். இன்னொரு விஷயம், அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் ரத்தத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஆட்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் சரியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் ஊசியும் குழாயுமாக நைனார்பாளையம் வந்தேன்.

முக்கியமானதைச் சொல்கிறேன். திருகைத் திருப்ப மாத்திரை இருக்கிறது. அதைப் போட்டால் கல்லீரல் கொக்கிகளைக் கூடுதலாகச் செய்ய ஆரம்பிக்கும். அதே ஜீனைத்தான் தட்டி எழுப்புகிறது. அப்பாவுக்கு இந்த மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி போய் ரத்தக் கொழுப்பும் பிரஷரும் பார். நாலு வருஷத்துக்கு எங்கே போவேன் என்று கேட்டாயே, முதலில் அங்கே போ.

அப்புறம் உன் இலைக் கணக்கு. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று தோன்றுகிறது. காலம் முடியாமல் போனவர்களுக்கு மட்டும்தானே நாம் இலை போடுகிறோம்? நிறைந்து வாழ்ந்து போனவர்களுக்கு இலை கிடையாது. அப்படியிருக்க, இலையை மட்டும் எண்ணினால் எல்லாரும் சின்ன வயதில் போனது மாதிரிதான் தெரியும். பிணவறை வாசலில் நின்றுகொண்டு ஊரில் உயிரோடு யாருமே இல்லை என்று சொல்வது போல இருக்கிறது. இலை இல்லாதவர்கள் யார் யார் என்று ஜெயம்மாள் அத்தையைப் போய்க் கேள். அப்பாவோடு பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

வளைவில் நெஞ்சு அடித்தால் வண்டியை நிறுத்து. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

அக்கா


நைனார்பாளையம்
3.7.2025

அக்காவுக்கு,

கல்யாணம் நின்றுவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்குமே! நான் நிறுத்தவில்லை. அவர்கள் நிறுத்தினார்கள்.

ஆவணி வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று ராஜாம்பாள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இன்னா இவ்ளோ அவசரம் என்றார்கள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். விஷயத்தைச் சொன்னேன், பெத்தவன் கஷ்டம் புரியும் என்று நினைத்தேன். அந்த அம்மா எடுத்த எடுப்பில், "ரத்தத்துலயே இருக்குதுன்னு உங்கக்காவே மெஷின்ல பாத்துச் சொல்லிச்சா? அப்ப பொண்ணுக்கும் இருக்கும் இல்ல? நாளைக்கு எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு வந்தா யாரு பதில் சொல்றது?" என்றது. தமிழழகன் வாசலிலேயே நின்றான், தலையைத் தூக்கவே இல்லை. இப்போது தெரு முழுக்க அதே பேச்சு. குழாயடியில் கோகிலவாணியிடம், "உங்க வூட்ல இன்னாமோ ரத்தக் கோளாறாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்னிடம் சொன்ன எண் இப்போது என் பெண் மேல் ஒட்டிக்கொண்டது. இதற்கு உன்னிடம் மாத்திரை இருக்கிறதா?

எழில் அழவில்லை. அன்றைக்குச் சோறு போட்டுவிட்டு, "எனக்கும் இருக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் பாதிச் சோற்றில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எங்கே போவதென்று தெரியாமல்தான் போனேன். வண்டி கச்சிராயபாளையத்தில் ஜெயம்மாள் அத்தை வீட்டில் போய் நின்றது.

அத்தை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா, திடீர்னு செத்தவங்க கணக்கு கேட்டுகினு வந்துக்கிற?" என்று முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்க தாத்தா நெஞ்சு வலியில செத்தாருன்னு எவன் சொன்னான்? கெணறு வெட்டும்போது கவுறு அறுந்து வுழுந்தாருடா. வெளிய எடுத்தப்ப நெஞ்சப் புடிச்சிகினு இருந்தாரு, அவ்ளோதான். அவுரு தம்பி ஒருத்தரு கரியாலூருக்கு ஏறிப் போனாரே, அவரு பல்லு மொத்தமும் கொட்டி, கூழு குடிச்சிகினு கெடந்து, கொள்ளுப் பேரனப் பாத்துட்டுத்தான் போனாரு. எங்க மூத்த அக்கா, ஒனக்குப் பெரியத்தை, அவ மல்லாட்டைக் கொல்லையில கடலை பறிச்சிகினு இருந்தவ அப்படியே குந்திட்டா, எழுந்துக்கவே இல்ல. ஒங்கப்பன் வயசுகூட இல்ல அவளுக்கு."

பெரியத்தைக்கு நாம் ஏன் இலை போடுவதில்லை என்று கேட்டேன். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு நம்ம வூட்ல ஏதுடா இலை? அவ புருஷன் வூட்ல பூவாடைக்காரி சாமியா இருக்கா. அவங்க பொடவ வெச்சிக் கும்புடுறாங்க" என்றாள்.

திரும்பும்போது கோமுகி அணைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டினேன். நான் எண்ணிய மூன்றில் ஒன்று கயிறு அறுந்தது. எண்ணாமல் விட்டதில் ஒருவர் கிழவராகிப் போயிருக்கிறார். எண்ணாமல் விட்டதில் ஒரு பொம்பளையும் அப்பாவைப் போலவே போயிருக்கிறாள். ஆண்களுக்குத்தான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா, எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ எனக்கு மூன்று வயது மூத்தவள். அப்பா நாற்பத்திரண்டில் போனார், நீ அதைத் தாண்டிவிட்டாய். யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பொங்கலுக்கு நான் ஊசிக்குப் பயந்தபோது, முதலில் உன் கையைத்தான் நீட்டினாய். உன் ரத்தமும் அந்த மெஷினுக்குள் போயிருக்கும். இரண்டு கடிதம் எழுதினாய், அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

உன் இடம் எத்தனாவது?

பகலவன்


ஐதராபாத்
9.7.2025

பகலவா,

தொண்ணூற்றாறு.

உன்னை விட ஆறு பேர் தள்ளி நிற்கிறேன். எல்லாவற்றிலும் உனக்கு முன்னால் போனவள், இதில் மட்டும் பின்னால் நிற்கக் கூடாதா என்ன?

திரையில் அதைப் பார்த்த அன்று வேலை ஓடவில்லை. மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தை எண்ணாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். என் எண் என்றதும் திரையை மூடிவிட்டேன். ஊருக்கெல்லாம் வரிசை, திருகு என்று விளக்கம் சொல்கிறேனே, அன்றைக்கு எனக்கு ஒரு விளக்கமும் உதவவில்லை. அப்பா முகம்தான் தெரிந்தது. எனக்காகப் பயப்படத் தைரியம் இல்லாமல், உனக்காகவாவது பயப்படலாம் என்று உனக்குப் போன் போட்டேன் போலிருக்கிறது. உன்னைப் பயமுறுத்தக் கூடாதென்றுதான் என் எண்ணைச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வாயால் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். படித்தவளுக்கு இவ்வளவுதான் தைரியம்.

அதற்கடுத்த வாரமே டாக்டரிடம் போனேன். கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன். இப்போது பார்த்ததில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. எண் மாறவில்லை, தொண்ணூற்றாறு தொண்ணூற்றாறுதான். ஆனால் ரத்தம் மாறியிருக்கிறது. இது வாய்ப்பேச்சு இல்லை, என் உடம்பிலேயே பார்த்தது.

எழில் கேட்டதற்கு ஓடிப் போகாதே. அவளுக்கு உன்னிடமிருந்து பாதிதான் போயிருக்கிறது. எந்தப் பாதி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறு பாதி கோகிலவாணியுடையது. அவள் அப்பா இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். "தெரியாதும்மா, உனக்கு வேணும்னா பின்னாடி நீயே பாத்துக்க" என்று சொல். அது உண்மை. ராஜாம்பாளுக்குச் சொல்ல என்னிடம் மாத்திரை இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சொந்தத்தில் நூறு பேரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தால், அவர்களிலும் ஒருவர் கடைசியில்தான் நிற்பார். எல்லா வீட்டிலும் எங்கோ ஒரு திருகு கூடுதலாகத்தான் இருக்கும்.

அத்தை சொன்னதைப் படித்ததிலிருந்து ஒன்று மனதை அரிக்கிறது. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டில் இலை. ஆண்பிள்ளைக்குப் பிறந்த வீட்டில் இலை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை எந்த வீட்டு இலையில் உட்கார வைத்திருப்பீர்கள்? சிரிக்காதே. மாடிப்படியில் அன்றைக்கு இதையும்தான் நினைத்தேன்.

நர்சிங்குக்கு விண்ணப்பம் போட இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நான் இங்கிருந்து கத்தி என்ன ஆகப் போகிறது. சாவி உன் இடுப்பில்தானே இருக்கிறது.

அக்கா


நைனார்பாளையம்
25.7.2025

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். அதற்குள் நான் போய்விட்டேன் என்று நினைத்துவிடாதே.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். வெறும் வயிற்றோடு போகச் சொன்னார்கள், போய் வரிசையில் நின்றேன். அங்கேயும் வரிசைதான். கொழுப்பு ஜாஸ்தி, பிரஷரும் ஜாஸ்தி. டாக்டரம்மா சின்ன வயசு. "வளைவுல நெஞ்சு அடிக்குதே" என்று கேட்டேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "அது இப்ப பயம்தாங்க, பீடிய வுட்டுட்டு மாத்திரையப் போடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றது. மாத்திரை போடுகிறேன். பீடியைப் பற்றிக் கேட்காதே, பாதி விட்டிருக்கிறேன். வளைவில் இன்னமும் நெஞ்சு அடிக்கிறது. பயம்தான் என்று சொல்லிக்கொண்டே திருப்புகிறேன். சில நாள் நம்புகிறேன், சில நாள் நம்ப முடியவில்லை.

சாவியை எழிலிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே பெட்டியைத் திறக்கப் போனாள். விண்ணப்பம் போட நான்தான் அவளைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வண்டியில் கூட்டிப்போனேன். போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், அவள் அன்றைக்குக் கேட்டதற்கு, நீ சொல்லிக்கொடுத்தபடி, "தெரியாதும்மா" என்றேன். அதற்கு மட்டும் கோகிலவாணி பக்கம் திரும்பி, "எனக்கு நம்பரு வேணாம்னு அத்தைக்கு எழுதச் சொல்லும்மா" என்றாள். எழுதிவிட்டேன்.

நேற்று ஆடி அமாவாசை. ஐந்து இலை போட்டேன். தாத்தா, பெரியப்பா, அப்பா. நாலாவதாகப் பெரியத்தைக்கு ஒரு இலை, ஒரு புடவை. ஐந்தாவது அந்தக் கரியாலூர் தாத்தாவுக்கு. அத்தை பஸ் ஏறி வந்து வாசலிலேயே சண்டைக்கு நின்றாள். "முழு ஆயுசும் வாழ்ந்தவருக்கு இன்னாத்துக்குடா இலை? ஊருல சிரிப்பாங்க" என்றாள். "அவரையும் எண்ணணும் அத்த" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எழில்தான் பரிமாறினாள். ஐந்தாவது இலைக்கு வந்ததும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்பா, இந்தத் தாத்தாவுக்குப் பல்லே கெடையாதே. கூழு ஊத்தட்டா?" என்றாள். மூன்று வாரத்துக்கு மேல் கழித்து என் பெண் என்னிடம் பேசியது அதுதான். அத்தையே சிரித்துவிட்டாள். நான் கற்பூரம் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எந்த வீட்டு இலை என்று கேட்டிருந்தாய். சிரிக்கவில்லை, அக்கா. ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தது அதற்காகத்தான். பதில் சொல்கிறேன். உனக்கு இலை கிடையாது. நாக்கில்லாதவர்களுக்குத்தான் அந்த இலை, வடையில் உப்பு கம்மி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். நீ சொல்வாய். கல்லூரி கிடைத்தால் எழிலைக் கொண்டுபோய் விட வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து போக நீதான் வேண்டும் என்கிறாள். மாத்திரையை எடுத்துக்கொண்டு வா. வந்து உட்கார்ந்து சாப்பிடு.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, வா.

பகலவன்